பொன்செல்விக்கு எழுதிய மெயில்

"புதுப் பிள்ளைக்கு வெல்கம் மெயில் இன்னைக்கே போயிரணும், இந்துமதி. கொஞ்சம் நல்லா எழுதுங்க. போன தடவை வந்தவன் மாதிரி வந்ததும் ஓடிரக் கூடாது" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போன மேனேஜர் சிவசுப்பிரமணியன், கதவைப் பாதி திறந்து மறுபடியும் தலையை நீட்டினார்.

"அப்புறம், ஆல் ஸ்டாஃப் மெயில் குரூப்ல இருந்து விஜிலாவை எடுத்துருங்க. பிள்ளை பெத்து லீவுல இருக்கிற நேரத்துல இதைப் பாத்து அவ மனசு கஷ்டப்பட வேண்டாம். லீவு முடியட்டும், நானே பக்குவமாப் பேசிக்கிடுதேன்."

"சரி சார்" என்றாள் இந்துமதி.

தூத்துக்குடி பீச் ரோட்டில், ஒரு மாடியில் இருந்தது அந்த அலுவலகம். ஏற்றுமதிச் சரக்கைக் கப்பலேற்றிவிடும் கம்பெனி ஒன்றின் கிளை. தலைமை அலுவலகம் சென்னையில். இந்துமதி இங்கே நிர்வாகம் பார்க்கிறாள். சம்பளப் பட்டியலும் லீவுக் கணக்கும் ஆள் சேர்ப்பதும் குடிதண்ணீர் கேன் சொல்வதும் அவள் பொறுப்பு. விஜிலா டாக்குமெண்டேஷன். ஒரு கன்டெய்னர் கப்பலேற வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு கட்டுக் காகிதம் போக வேண்டும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் சரக்கு துறைமுகத்திலேயே கிடக்கும். அந்தக் காகிதங்களை எல்லாம் பிசகில்லாமல் செய்கிறவள் விஜிலா. இருவரும் ஒரே வருடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஸ்ரீவைகுண்டத்து வயல்காட்டிலிருந்து வந்த இந்துமதிக்கு நெத்திலியை ஆயத் தெரியாது என்பதை விஜிலா இத்தனை வருடமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரித்துவிட்டுத் தன் டிபன் பாக்ஸிலிருந்து எடுத்தும் வைப்பாள்.

அந்த விஜிலாவின் இடத்துக்குத்தான் உடன்குடியிலிருந்து பொன்செல்வி என்ற பெண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். தற்காலிகமாக அல்ல, நிரந்தரமாக. விஜிலாவுக்கு அது தெரியாது.

இது எப்படி ஆரம்பித்தது என்பது இந்துமதிக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கத்தான் அவள் கொஞ்ச நாளாகப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள்.

விஜிலா லீவில் போனதும் அவள் வேலையில் பாதி இந்துமதியின் தலையில் விழுந்தது. தெரியாத வேலை. ஒருநாள் கீழக்கரைக்காரர் ஒருவரின் சரக்குக்குக் காகிதம் பிந்திப்போய்க் கப்பல் போய்விட்டது. மேனேஜர் எல்லார் முன்னிலையிலும் அவளைச் சத்தம் போட்டார். அன்று சாயங்காலம் அவரே வந்து, கொஞ்சம் இறங்கிய குரலில், "விஜிலா திரும்ப வருவாளா மாட்டாளா, உங்களுக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டார்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் விஜிலா போன் செய்திருந்தாள். குழந்தை இராத்திரி முழுக்க அழுதிருக்கிறது. அவளும் அழுதிருக்கிறாள். "எப்படித்தான் திரும்ப வேலைக்கு வரப்போறேனோ தெரியலளா. மாமிக்கு முட்டுவலி, பிள்ளையைத் தூக்கக்கூட முடியல. பேசாம வேலையை விட்டுரலாமான்னு வருது" என்றாள். தூங்காதவள் பேசுகிற பேச்சு. இந்துமதிக்கே அது தெரிந்தது. ஆனாலும் சத்தம் வாங்கிய எரிச்சலில் மேனேஜரிடம் அவள் சொன்னது இதுதான்:

"வாரது கஷ்டம்தான் சார். பிள்ளையைப் பாக்க ஆள் இல்லை. வேலையை விட்டுரலாம்னு அவளே சொல்லுதா."

அடுத்த வாரம் விஜிலா மறுபடி கூப்பிட்டாள். குரல் தெளிந்திருந்தது. சித்தி மகள் வந்து கூடவே இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாளாம். "அப்பாடான்னு இருக்கு. லீவு முடிஞ்ச மறுநாளே வந்துருவேன் பாரு" என்றாள். மேனேஜரிடம் இதையும் சொல்லியிருக்க வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று இந்துமதி நினைத்தாள். அதற்குள் அவர் ஆள் தேட ஆரம்பித்திருந்தார். விண்ணப்பங்கள் வந்தன. பொன்செல்வி வந்தாள், நன்றாகப் பேசினாள், எல்லாருக்கும் பிடித்துப்போனது. சொல்ல வேண்டிய நாளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து, இப்போது வெல்கம் மெயில் எழுதுகிற நாள் வந்துவிட்டது.

பழைய மாதிரி மெயில் ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. ஆங்கிலத்தில் நாலு வரி. எங்கள் குடும்பத்துக்கு உங்களை வரவேற்கிறோம் என்று தொடங்கும். குடும்பம் என்ற சொல்லை அவள் இரண்டு தரம் படித்தாள். அதை அழித்தாள். 'காலியாக உள்ள டாக்குமெண்டேஷன் இடத்தில்' என்று அடுத்த வரி. காலியாக உள்ள என்பதையும் அழித்தாள்.

பிறகு அவளாகவே எழுதினாள். உடன்குடி பஸ்ஸில் வந்தால் எந்த நிறுத்தத்தில் இறங்குவது வசதி, மாடிப்படியில் மூன்றாவது படி உடைந்திருக்கிறது, பார்த்து ஏற வேண்டும், உங்கள் இருக்கை ஜன்னலோரம், ஆனால் ஏசி நேராகத் தலையில் வீசும், ஒரு சால்வை கொண்டுவந்தால் நல்லது, மதியம் எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம், தெரியாததைக் கேட்கத் தயங்க வேண்டாம், இங்கே யாரும் எரிந்து விழமாட்டோம். ஏசி வீசுவதைப் பற்றி எழுதும்போது, அந்த நாற்காலியில் விஜிலா காதை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. கை நின்றது. மறுபடி எழுதினாள். குற்றம் செய்தவர்கள் கோயிலுக்கு எண்ணெய் ஊற்றுகிற மாதிரி, அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நல்லது சொல்ல முடியுமோ அவ்வளவும் அதில் சொன்னாள்.

குரூப்பைத் திறந்து விஜிலாவின் பெயரை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நிச்சயமாக எடுக்கவா என்று கம்ப்யூட்டர் ஒருமுறை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினாள். பொன்செல்விக்கும் குரூப்புக்கும் மெயில் போய்விட்டது.

மதியத்துக்குள் பொன்செல்வியின் பதில் வந்தது. மெயிலை அம்மாவுக்குத் தமிழில் சொன்னாளாம். "இவ்வளவு யோசிச்சு எழுதுத ஆள் இருக்கிற இடம்னா நீ பயமில்லாமப் போன்னு அம்மா சொன்னாங்க மேடம்" என்று எழுதியிருந்தாள். இந்துமதி அதை ஒருமுறை படித்துவிட்டு மூடினாள்.

மறுநாள் விஜிலா கூப்பிட்டாள்.

"ஏளா இந்து, நேத்துலருந்து எனக்கு கப்பல் லிஸ்ட் மெயில் வரல. என் போன்ல ஏதும் கோளாறா, இல்ல அங்கனயே அனுப்பலையா?"

எந்தக் கப்பல் என்றைக்கு வருகிறது என்ற பட்டியல் தினமும் காலையில் குரூப்புக்குப் போகும். லீவில் இருந்துகொண்டு விஜிலா அதைப் படித்துக்கொண்டிருப்பாள் என்று இந்துமதி நினைத்ததே இல்லை.

"சர்வர் பிரச்சனைளா" என்றாள். வாய் தானாகச் சொன்னது. "சென்னையில பாத்துக்கிட்டிருக்காவ."

"சரியானதும் சொல்லு, என்னா. தினமும் பிள்ளைக்குப் பால் குடுக்கும்போது பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். திரும்ப வந்து உக்காரும்போது திருதிருன்னு முழிக்கக் கூடாதுல்லா."

போனை வைத்த பிறகு இந்துமதி பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

பொன்செல்வி திங்கட்கிழமை வந்து சேர்ந்தாள். மெலிந்த, சுறுசுறுப்பான பெண். அப்பாவுக்கு உடன்குடியில் கருப்பட்டிக் கடை. மெயிலில் சொன்னபடியே ஒரு சால்வையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். வந்த அன்றே மேடம் போய் அக்கா ஆகிவிட்டது. "அக்கா, அந்தப் படியைப் பாத்து ஏறினேன்" என்று சிரித்தாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்துமதிக்கு இரண்டு விதமாக இருந்தது. இவள் மேல் கோபப்பட ஒன்றும் இல்லை. இவள் நல்லவளாக இருப்பதே பெரிய சங்கடமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இந்துமதி ஒரு வேலையாகச் சுங்க அலுவலகம் வரை போய்விட்டுத் திரும்பினாள். பொன்செல்வி முகமெல்லாம் மலர்ச்சியாக எழுந்து வந்தாள். ஜெர்மனிக்குப் போக வேண்டிய காய்ந்த பூக்களுக்கு ஒரு சான்றிதழில் பூவின் பெயர் மாறிப்போய், காலையிலிருந்து அவள் அதோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சிட்டுக்கா. எப்படித் திருத்தணும்னு விஜிலா அக்காட்ட கேட்டுட்டேன்."

இந்துமதி கையிலிருந்த பையை மேஜையில் வைத்தாள். "எந்த விஜிலா?"

"முன்னால இங்க இருந்தாங்கள்ல, அவங்கதான். பூ கம்பெனிக்காரர்தான் நம்பர் குடுத்தார். அவங்களுக்குத்தான் இது அத்துப்படின்னு சொன்னார்."

"நீ யாருன்னு அவட்ட சொன்னே?"

"உங்க இடத்துல புதுசாச் சேந்துருக்கேன்னு சொன்னேன். ஒரு நிமிஷம் இருன்னு போனைக் கீழ வச்சிட்டாங்க. பிள்ளை அழுதுச்சோ என்னவோ. அப்புறம் ஒண்ணொண்ணாப் பொறுமையாச் சொல்லிக் குடுத்தாங்க. சந்தேகம்னா எப்பவும் கூப்பிடுன்னாங்க. நல்ல அக்கா." இந்துமதியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கூப்பிட்டது தப்பாக்கா?" என்றாள்.

"இல்லம்மா. தப்பில்ல."

அன்று முழுக்க இந்துமதி போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விஜிலா கூப்பிட்டு வைதுவிட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அழைப்பு வரவில்லை. இவளாகக் கூப்பிடப் பெயரை எடுப்பாள், பிறகு வைத்துவிடுவாள். சனிக்கிழமை காலையில் மேனேஜர் அவள் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பெரிய பாரம் இறங்கியவர் போல இருந்தார்.

"விஜிலா நேத்து என்னைக் கூப்பிட்டுச்சு. எப்படியோ தெரிஞ்சிட்டு. நானும் சொல்லிட்டேன். உன் கஷ்டம் எங்களுக்குத் தெரியாதா, வேலையை விட்டுரலாம்னு இருக்கேன்னு இந்துமதிட்ட நீயே சொன்னேல்லா, அதனாலதான் ஆள் எடுத்தோம்னேன். மறு பேச்சுப் பேசாம வச்சிட்டு. நல்ல பிள்ளை."

இந்துமதி கீபோர்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்து சனங்கள் வீட்டுக்குத் திரும்புகிற நேரத்தில், அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திரேஸ்புரம் போனாள். போகிற வழியில் குழந்தைக்கு இரண்டு சட்டை வாங்கினாள். விஜிலாவின் வீட்டு வாசலில் இறங்கியதும், இதைக் கையில் கொண்டுபோனால் லஞ்சம் கொடுக்க வந்த மாதிரி இருக்கும் என்று பட்டது. சட்டைகளை ஸ்கூட்டர் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டினாள்.

மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்தார். "வாளா இந்து. பிள்ளை இப்பந்தான் கண்ணசந்தான். உள்ள போ, காப்பி போடுதேன்" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

விஜிலா கட்டிலில் உட்கார்ந்து குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தை பெவின் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் நாற்காலியைக் கண்ணால் காட்டினாள்.

"இரி. சர்வர் சரியாயிட்டா?"

இந்துமதி உட்கார்ந்தாள்.

"சார் சொன்னாருன்னுதான் விஜி, உன் பேரை நான்..."

"சார் சொன்னது இருக்கட்டும். நீ சாருட்ட என்ன சொன்னே?"

விஜிலா ஒரு துணியை மடித்து, திரும்பப் பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அன்னைக்கு நான் எங்க அம்மைட்டகூட அதைச் சொல்லல. எங்க வீட்டுக்காரர் கப்பல் வேலையில எங்கயோ கடல் நடுவுல கெடக்காவ, கேட்டா அங்கன உக்காந்து வெசனப்படுவாவன்னு அவியட்டயும் சொல்லல. உங்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"தெரியும்."

"அடுத்த வாரம் சித்தி மக வாரான்னு சொன்னேனே. அதைச் சொன்னியா?"

"இல்ல."

"ஏன்?"

வேலை நெருக்கடியில் மறந்துவிட்டது என்று சொல்லலாம். மேனேஜர் அதற்குள் முடிவு செய்துவிட்டார் என்றும் சொல்லலாம். இரண்டையும் அவள் தனக்குத்தானே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தாள். விஜிலாவின் முகத்துக்கு நேரே இரண்டும் வரவில்லை.

"புது ஆள் வந்துட்டா எனக்கு வேலை குறையும்னு நெனச்சேன்."

விஜிலா தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. தனக்குத் தெரிந்திருந்த ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டவள் போல இருந்தாள். வெளியே யாரோ மீன் விற்றுக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தத்தில் குழந்தை கொஞ்சம் அசைந்தது. அவள் அதன் நெஞ்சில் கையை வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"நான் சென்னைக்கு எழுதப் போறேன். பிரசவ லீவுல இருக்கிறவளை வேலையை விட்டு எடுக்க முடியாது, அதுக்குச் சட்டம் இருக்கு. அவிய உன்னைத்தான் கூப்பிட்டுக் கேப்பாவ. நடந்ததைச் சொல்லுவியா?"

இந்துமதி தினமும் முகத்தில் விழிக்க வேண்டிய மேனேஜரை நினைத்தாள். தன் வேலையை நினைத்தாள். அதை எல்லாம் நினைக்கிறாள் என்பதை விஜிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுதேன்" என்றாள் கடைசியில்.

மாமியார் காப்பி கொண்டுவந்தார். குழந்தை விழித்துச் சிணுங்கியது. பழக்கத்தில் இந்துமதி கைகளை நீட்டிவிட்டாள். விஜிலா குனிந்து தானே தூக்கிக்கொண்டாள். நீட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் இந்துமதி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, சென்னையிலிருந்து யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, அவள் மேனேஜரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"அவ வரமாட்டான்னு நீங்கதான சொன்னிய? இப்ப என்னை மாட்டிவிடப் பாக்கிய."

"ஆமா சார், நான்தான் சொன்னேன். அதையும் சேத்துத்தான் சொல்லப் போறேன்."

"உங்களுக்கு என்ன வந்துச்சு இந்துமதி? விஜிலாவுக்கு வேற எங்கயாவது வேலை நானே சொல்லி வாங்கிக் குடுத்திருப்பேன்லா." அவர் அப்படிச் செய்திருக்கவும் கூடும். கெட்டவர் இல்லை. குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தவர்தான்.

சென்னையிலிருந்து ஓர் அம்மா பேசினார். நீதிமன்றத்தில் கேட்பது போல ஒவ்வொன்றாகக் கேட்டார். குரூப்பிலிருந்து பெயரை எடுத்தது யார், யார் சொல்லி, சம்பந்தப்பட்டவர் ராஜினாமா எழுதிக் கொடுத்தாரா, வாயால் சொன்னாரா, யாரிடம் சொன்னார். இந்துமதி எதையும் ஒளிக்கவில்லை. தான் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். முடிந்ததும் அந்த அம்மா, "சரி, நன்றி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கம்பெனிக்குப் பயம் வந்துவிட்டது. லீவு முடிந்ததும் விஜிலா அதே சம்பளத்தில், அதே பதவியில் வேலைக்கு வரலாம் என்று அவளுக்குக் கடிதம் போயிற்று. மேனேஜருக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. இந்துமதிக்கு ஒரு மெமோ. ஊழியர்களின் ஃபைல்களை வைத்திருப்பவள் அவள்தான் என்பதால், அந்த மெமோவைத் தன் ஃபைலில் அவளே குத்தி வைத்தாள்.

விஷயம் அலுவலகம் முழுக்கத் தெரிந்த அன்று பொன்செல்வி வந்து மேஜையருகே நின்றாள். கண் சிவந்திருந்தது.

"அக்கா, அந்த அக்கா வேலையைத்தான் நான் வாங்கிட்டனா? அவங்கட்டயே போன் பண்ணி உங்க இடத்துல சேந்துருக்கேன்னு சொன்னனே. நான் வேலையை விட்டு நின்னுக்கிடட்டுமா?"

"நீ ஒண்ணும் செய்யல. போய் வேலையைப் பாரு" என்றாள் இந்துமதி. "செஞ்சதெல்லாம் நான்."

வேலை அதிகம் இருந்ததால் பொன்செல்வியையும் வைத்துக்கொண்டார்கள். இறக்குமதிப் பக்கத்துக்கு ஒரு புது மேஜை போட்டு அவளுக்குக் கொடுத்தார்கள். விஜிலா லீவு முடிந்த மறுநாளே வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். மேனேஜருக்கு வணக்கம் சொன்னாள், இந்துமதியிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து அன்றைய கப்பலின் காகிதங்களைக் கேட்டாள். எதிலும் அவள் முழிக்கவில்லை.

சண்டை என்று ஒன்றும் இல்லை. மதியம் மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள். விஜிலா டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பை எல்லாருக்கும் பொதுவாக நடுவில் வைப்பாள். இந்துமதி அதில் எடுத்துக்கொள்வாள். பேச்சு கப்பலைப் பற்றி இருக்கும், சுங்க அலுவலகத்தைப் பற்றி இருக்கும், மழையைப் பற்றி இருக்கும். வீட்டைப் பற்றி விஜிலா ஒரு வார்த்தை பேசுவதில்லை. மாமியின் முட்டுவலி எப்படி இருக்கிறது என்று இந்துமதி ஒருமுறை கேட்டாள். "இருக்கு" என்றாள் விஜிலா. அதற்கு மேல் கேட்க இந்துமதிக்குத் துணிவில்லை. கேட்கிற தகுதியைத் தானே தொலைத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

சில மாதம் கழித்து ஒருநாள், சாப்பாடு முடிந்து விஜிலா பாத்திரம் கழுவப் போயிருந்தபோது, பொன்செல்வி சந்தோஷமாகச் சொன்னாள்.

"பெவினுக்குக் கீழ ரெண்டு பல்லு வந்துட்டுக்கா. விஜிலா அக்கா காலையில போன்ல வீடியோ காட்டினாங்க. அரிசி மணி மாதிரி இருக்கு. உங்ககிட்ட காட்டலையா?"

"காட்டுவா" என்றாள் இந்துமதி.

விஜிலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். இந்துமதி அவள் பக்கம் திரும்பினாள். அந்த வீடியோவைக் கேட்க வேண்டும் போல் இருந்தது.

"சாயங்காலம் கொழும்பு கப்பலுக்கு எத்தனை மணி வரைக்கும் டைம்?" என்று கேட்டாள்.

"ஆறு மணி வரைக்கும்" என்ற விஜிலா, எந்தெந்தக் காகிதம் இன்னும் வர வேண்டியிருக்கிறது என்பதை நிதானமாக, ஒன்று விடாமல் எடுத்துச் சொன்னாள். இந்துமதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.